சொரியாசிஸும் சுப்பாராவும்

இன்று ஒரு தோல்நோயின் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகச் சொரியாசிஸையும் தொழுநோயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள். வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா என்ற மருத்துவர் 1841இல்தான் இது வேறு, அது வேறு என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னார். நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளராம்! சொரியாசிஸ் ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

தோல் செல் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்நோயில் சில நாட்களிலேயே வந்து குவிந்து செதிலாகிவிடுகிறது. அதனால் இது தோலின் கோளாறு என்றே வெகுகாலம் நினைத்தார்கள்.

இங்கேதான் எல்லாப்பிரகடா சுப்பாராவ் வருகிறார். பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் குழு உருவாக்கிய அமினோப்டெரின், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது உயிர் கொடுத்தது. 1948இல் அவர் காலமானார். 1951இல் அந்த மருந்தை மூட்டுவாதக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த கப்னர், கூடவே சொரியாசிஸும் அடங்குவதைக் கவனித்தார். பார்த்துவிட்டுப் போக அவர் சுப்பாராவ் இல்லையே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

அடுத்த திருப்பம் 1979. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின், சொரியாசிஸ் உள்ளவர்களின் தோலையும் தெளிய வைத்தது. அது டி செல்களைக் கட்டுப்படுத்தும் மருந்து. வெள்ளையணுக்கள் நம் போர்வீரர்கள் என்று பத்தாம் வகுப்பில் சொன்னேனே, அந்தப் படைதான் பகைவன் இல்லாமலே சண்டைக்குக் கிளம்பி, தோல் செல்களை விரட்டிப் பெருக வைக்கிறது. பிறகு படைக்குள் ஓடும் சேதிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். இன்டர்லூக்கின்-17 என்ற ஒரு சேதியை மட்டும் மறிக்கும் செகுகினுமாப் ஊசிக்கு 2015இல் அமெரிக்கா அனுமதி தந்தது. விலைதான் எல்லோருக்கும் எட்டாது.

அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் மலிவு. இன்றும் பலருக்கு எழுதித் தருகிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது சாப்பிட்டால் சீட்டை ஒருமுறை பாருங்கள். சொரியாசிஸுக்கு அது வாரத்தில் ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.