தரையில் திறந்த பள்ளம்: நடைபாதை ஓவியமும் ஒற்றைக்கண் மரபும்

ஓவியக் கலையின் வரலாற்றை எழுதுவோர் சுவரையும் துணியையும் நோக்கும் அளவுக்குத் தரையை நோக்குவதில்லை. மழை பெய்தாற் கரைந்துபோகும் வெண்கட்டி ஓவியத்துக்கு அரும்பொருட் காட்சிச்சாலையில் இடமில்லை; வரைந்தவனின் பெயரும் நிலைப்பதில்லை. ஆயினும், இன்று உலக நகரங்கள் பலவற்றின் நடைபாதைகளில் வெண்கட்டியால் வரையப்படும் முப்பரிமாண மாயத் தோற்றங்கள், ஐரோப்பியக் கலை வரலாற்றின் இரு வேறு ஓடைகள் கலந்த இடமாக விளங்குகின்றன. ஒன்று, அரண்மனையிலும் தேவாலயத்திலும் கணிதத்தின் துணையோடு வளர்ந்த கற்றோர் கலை. மற்றையது, தெருவில் நாணயத்துக்காக வரைந்த வறியோர் கலை. இவ்விரண்டும் கலந்தபோது தெரு ஓவியன் பெற்றது யாது, இழந்தது யாது என்பது ஆராயத்தக்கது.

15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புளோரன்ஸ் நகரக் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி ஒரு பரிசோதனையை நிகழ்த்தினார். அந்நகரத் திருமுழுக்கு ஆலயத்தைப் பலகையொன்றில் வரைந்து, அதிற் சிறு துளையிட்டு, பலகையின் பின்புறமிருந்து அத்துளையினூடாக, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிரதிபலிப்பைக் காணச் செய்தார். தூரத்தே செல்லும் கோடுகள் ஒரு புள்ளியிற் சென்று கூடுவனவாக வரையும் தூரதரிசன நெறி இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. 1435இல் அல்பேர்ட்டி அதனை நூல்வடிவில் விளக்கினார். இங்கு ஊன்றி நோக்கத்தக்கது அத்துளையே. பார்ப்பவன் ஓரிடத்தில் நின்று, ஒரு கண்ணால், அசையாது பார்த்தல் வேண்டும் என்ற நிபந்தனை இந்நெறியோடு உடன்பிறந்ததாகும்.

அந்நிபந்தனையை அதன் எல்லைவரை கொண்டு சென்றோரும் உளர். ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதுவர்கள்' என்னும் ஓவியத்தின் அடியில், நேரே நின்று பார்ப்போருக்கு நீண்ட கறைபோலத் தோன்றுவது, பக்கவாட்டிற் சென்று பார்ப்போருக்கு மண்டையோடாகத் திரண்டு தோன்றும். இத்தகைய திரிபு வரைபின் கணிதத்தை பிரெஞ்சுத் துறவி நிசெரோன் 1638இல் நூலாக்கினார்.

இம்மரபின் உச்சத்தை உரோம் நகரின் புனித இஞ்ஞாசியார் ஆலயத்திற் காணலாம். அவ்வாலயத்துக்குத் திட்டமிடப்பட்ட குவிமாடம் கட்டப்படாது போகவே, இயேசு சபைச் சகோதரரான அந்திரேயா பொட்சோ 1685இல் தட்டையான துணியில் குவிமாடமொன்றை வரைந்து அவ்விடத்தை நிரப்பினார். பின்னர் 1694அளவில் நிறைவெய்திய அவரது கூரை ஓவியம், கூரையே இல்லாது வானம் திறந்து கிடப்பதாக மயங்கச் செய்வது. அம்மயக்கம் முழுமை பெறுமிடம் தரையில் வட்டக் கல்லொன்றால் குறிக்கப்பட்டுள்ளது. அதைவிட்டு விலகுவோருக்கு வரைந்த தூண்கள் சரிந்து வீழ்வனபோலத் தோன்றும். கோடுகள் யாவும் இறைவனின் மகிமையாகிய புள்ளியை நோக்க வேண்டும் என்று பொட்சோ 1693இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். சரியான இடம் ஒன்றே. அதில் நிற்பவனே உண்மையைக் காண்பான் என்னும் சமயக் கருத்து இங்கு வடிவ கணிதமாயிற்று.

இதே இத்தாலியில், திருவிழாவுக்குத் திருவிழா ஊரூராகச் சென்று, கரியாலும் செங்கல் துண்டுகளாலும் வெண்கட்டியாலும் ஆலய முற்றங்களில் மரியன்னையின் உருவத்தை வரைந்தோர் 'மடொன்னாரி' எனப்பட்டனர். இங்கிலாந்திலும் இவர்களையொத்த நடைபாதை ஓவியர் இருந்தனர்; இலண்டன் வறுமையைப் பற்றி 1933இல் நூலெழுதிய ஜோர்ஜ் ஓர்வெல் அவர்களில் ஒருவரைச் சித்திரித்துள்ளார். இவர்களின் ஓவியத்துக்குக் குறித்த நிற்குமிடம் எதுவுமில்லை. எத்திசையிலிருந்து வந்தவரும் குனிந்து பார்த்தனர், விரும்பியோர் நாணயமிட்டனர். அருகி வந்த இக்கலைக்குப் புத்துயிரளித்தது, மாந்துவா நகருக்கு அண்மையிலுள்ள கிராசியே என்னும் சிற்றூரில், மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளையொட்டி 1973இல் தொடங்கிய மடொன்னாரி ஒன்றுகூடலாகும்.

இரு ஓடைகளும் கலந்தது 1984அளவிலாகும். நாசா நிறுவனத்திற் சித்திரக்காரராகப் பணியாற்றிய அமெரிக்கர் கேர்ட் வெனர், 1982இல் உரோமுக்குச் சென்று பழைய ஓவியங்களைப் பயின்றார். அப்பயிற்சிக்கான பொருளை நடைபாதையில் வரைந்தே ஈட்டினார். தேவாலயக் கூரைகளின் மாயத்தைக் காலடிக்கு இறக்கியவர் இவரே. இதன் இயக்கத்தை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். பார்ப்பவரின் கண் தரையிலிருந்து 1.6 மீற்றர் உயரத்திலுள்ளதெனக் கொள்வோம். அவருக்கு 3 மீற்றர் அப்பால் 1 மீற்றர் உயரமான தூண் நிற்பதாகக் காட்ட வேண்டின், கண்ணிலிருந்து தூணின் உச்சியைத் தொட்டுச் செல்லும் நேர்கோடு 8 மீற்றர் தொலைவிலேயே தரையைச் சந்திக்கும். ஆகவே அத்தூணைத் தரையில் 5 மீற்றர் நீளத்துக்கு இழுத்து வரைதல் வேண்டும். உச்சியின் அகலமும் அடியைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் விரிதல் வேண்டும். பள்ளமாயின் அதன் ஆழம் இதற்கு மாறாகச் சுருங்கும்.

எனினும், இரு கண்களும் திறந்திருக்கையில் தரை தட்டையானதென்பதை மூளை ஓரளவு உணர்ந்துவிடும். கமராவுக்கோ ஒரு கண்ணே உண்டு. புருனெல்லெஸ்கியின் துளை கமராவின் வில்லையாக மீண்டும் வந்தது எனலாம். இணையத்தின் வழியே இவ்வோவியங்களின் புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. 2008இல் அயர்லாந்தின் டன் லேரி நகரில் எட்கார் முல்லர் தெருவிற் பிளந்து காட்டிய பனிப் பெருவெடிப்பை, நேரிற் கண்டோரினும் படத்திற் கண்டோரே மிகப் பலர். தெரு ஓவியன் பெயர் பெற்றான். விழாக்களும் விளம்பரதாரரும் அவனை நாடினர். மறுபுறம், வழிப்போக்கர் அனைவருக்குமாக இருந்த ஓவியம், குறித்த இடத்தில் நிற்கும் ஒருவருக்கென வரையப்படலாயிற்று. ஆலயத்தின் வட்டக் கல் நடைபாதைக்கும் வந்து சேர்ந்தது.

ஆயினும் தெரு, ஆலயமன்று. ஆலயத்தில் வட்டத்தைவிட்டு விலகுவது உண்மையை விட்டு விலகுவதாகக் கொள்ளப்பட்டது. தெருவிலோ, விலகி நடப்பவனே அதிகம் அறிகிறான். பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி வருபவன், அது கோணலாக நீண்ட கோடுகளன்றி வேறில்லை என்பதையும், எந்தக் கணக்கினால் தான் ஏமாற்றப்பட்டான் என்பதையும் தன் கண்ணாலேயே கண்டுகொள்கிறான். மாயத்தையும் அதன் மறைபொருளையும் ஒரே தளத்தில் விரித்து வைக்கும் இக்குணமே தெரு ஓவியத்தின் தனிச் சிறப்பு. புகைப்படம் காப்பது மாயத்தை மட்டுமே. மற்றையது முதல் மழையோடு அழிகிறது. எனவே, இக்கலையின் வரலாற்றைப் பேண விழைவோர், சரியான இடத்திலிருந்து எடுத்த படத்தோடு, தவறான இடத்திலிருந்து எடுத்த படத்தையும் சேர்த்தே பாதுகாத்தல் வேண்டும். முன்னது மாயத்தின் வெற்றியைக் காட்டும். பின்னது, நிலத்தில் முழந்தாளிட்டு அதனை ஆக்கிய கையின் உழைப்பைக் காட்டும்.