ஆடியது யார்? கணினிச் சதுரங்கமும் சமநீதியும்

2003 நவம்பரில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உலகக் கணினிச் சதுரங்கப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஷ்ரெடர் என்னும் புகழ்பெற்ற நிரலுக்கு எதிரே ஜானி என்னும் எளிய நிரல். ஷ்ரெடர் வெற்றியின் விளிம்பில் இருந்தது. ஆனால் அதனுள் இருந்த ஏதோ ஒரு பிழையால் காய்கள் முன்னும் பின்னும் நகர்ந்து, ஒரே நிலை மூன்றாம் முறையும் பலகையில் வந்து நின்றது. சதுரங்க விதிப்படி, கோரினால் அது டிரா. ஜானியின் திரையிலும் அந்த அறிவிப்பு எழுந்தது. அருகில் அமர்ந்து காய்களை நகர்த்திக்கொண்டிருந்தவர் ஜானியை எழுதியவரே. எதிராளியின் நிரற்பிழையால் அரைப்புள்ளி பெறுவது கண்ணியமன்று என்று கருதிய அவர், நடுவரை அழைக்காமல் ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஜானி தோற்றது.

இச்செய்தியை முதன்முறை படித்தபோது நமக்கு அந்த மனிதர் மீது பெருமதிப்பே தோன்றியது. சற்று யோசித்த பிறகு அந்த மதிப்பு ஆட்டங்கண்டது. இத்தகைய போட்டிகளில் காய் நகர்த்துபவர் வெறும் கை மட்டுமே, மூளை இயந்திரத்தினுடையது. இயந்திரம் சொன்னதை நடுவரிடம் சேர்ப்பிப்பது அவர் கடமை. அதைத் திருத்தும் உரிமை அவருக்கு இல்லை. மேலும் அவர் விட்டுக்கொடுத்த அரைப்புள்ளி ஜானியுடையது மட்டுமன்று. போட்டி முடிவில் ஷ்ரெடரும் ஃப்ரிட்ஸும் சம புள்ளிகளில் நின்றன. அந்த ஆட்டம் டிரா ஆகியிருந்தால் ஃப்ரிட்ஸ் தனித்து வென்றிருக்கும். எதிர்ப்புகள் எழுந்தன, முடிவு மாற்றப்படவில்லை. முதலிடத்துக்கான கூடுதல் ஆட்டங்களில் ஷ்ரெடர் வென்று பட்டத்தை எடுத்துச்சென்றது. ஒருவருடைய பெருந்தன்மைக்கு விலை கொடுத்தவர் அந்த அறையில் வேறொரு மேசையில் இருந்தார்.

ஆடியது நிரலா, அதை எழுதியவரா, அது ஓடும் இயந்திரமா? கணினிச் சதுரங்கத்தில் சமவாய்ப்பு பற்றிய சச்சரவுகள் எல்லாமே இக்கேள்விக்குத்தான் திரும்புகின்றன.

1974இல் ஸ்டாக்ஹோமில் முதல் உலகப் போட்டி நடந்தபோது இக்கேள்வி எவரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. 13 நிரல்கள் வந்திருந்தன. 'வந்திருந்தன' என்பதுகூட ஒரு பேச்சுக்குத்தான். அக்காலக் கணினிகள் அறையை நிறைப்பவை. அவை தத்தம் ஊரிலேயே இருக்க, நகர்வுகள் தொலைபேசியில் பயணித்தன. வென்ற சோவியத் நிரல் கைஸ்ஸா மாஸ்கோவிலிருந்து ஆடியது. யாருக்கு எந்தக் கணினி வாய்த்ததோ அதனோடு ஆட வேண்டியதுதான். இயந்திரமும் ஆட்டக்காரனின் உடலில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார்கள் போலும். 1980இல் லின்ஸ் நகரில் வென்ற பெல், கென் தாம்ஸனும் ஜோ காண்டனும் சதுரங்கத்துக்கென்றே மின்சுற்று அமைத்து உருவாக்கியது. 1983இலும் 1986இலும் வென்ற கிரே பிளிட்ஸ் ஓடியது பல மில்லியன் டாலர் பெறுமானமுள்ள சூப்பர் கணினியில். மல்யுத்தத்தில் எடைப்பிரிவு உண்டல்லவா, அதுபோல் சிறிய கணினிகளுக்கென 1980 முதல் தனி உலகப் போட்டியும் நடந்துவந்தது.

எடைப்பிரிவுக்குக் கட்டுப்படாத மல்லர்களும் இருந்தார்கள் என்பதுதான் இவ்வரலாற்றின் சுவை. 1992இல் மாட்ரிட்டில் எட் ஷ்ரோடரின் நிரல், ஒரு சாதாரணக் கணினியில் செருகிய அட்டையில் ஓடி, பொதுப் பட்டத்தையே வென்றது. 1995இல் ஹாங்காங்கில் 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் ஓடிய ஃப்ரிட்ஸ், ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ முன்மாதிரியைத் தோற்கடித்தது. சமமின்மையே அவ்வெற்றிகளுக்கு ஒளி தந்தது. வன்பொருளைச் சமமாக்கியிருந்தால் அவற்றை இன்று யார் நினைவுகூர்வார்கள்?

ஆனால் இவ்வாதத்தை நாம் வெகுதூரம் இழுக்க முடியாது. 2008இல் பெய்ஜிங்கில் ரிப்கா 40 கோர்கள் கொண்ட கணினித் தொகுப்போடு களமிறங்கியது. வீட்டு மேசையில் ஒரே கணினி வைத்திருக்கும் நிரலாசிரியருக்கு அங்கே என்ன வேலை? மறு ஆண்டு பாம்ப்லோனாவில் எட்டு கோர்களுக்கு மேல் கூடாது என்று வரம்பிட்டார்கள். வசதி படைத்தோர் அறிவியல் முன்னேற்றத்துக்குத் தடை என்றார்கள். மற்றோர் இதுவே நியாயம் என்றார்கள். 2010இல் கனசாவாவில் கிடைத்த தீர்வு பஞ்சாயத்துத் தீர்ப்பைப் போன்றது: ஒன்றுக்கு இரண்டு போட்டிகள். ஒன்றில் எந்த வன்பொருளும் கொண்டுவரலாம். மற்றதில் எல்லோருக்கும் ஒரே வகைக் கணினி. முதலாவதில் ரிப்காவும் இரண்டாவதில் ஷ்ரெடரும் வென்றன. ரிப்காவின் பட்டங்கள், பிறருடைய நிரல்களிலிருந்து எடுத்தாண்டது என்ற குற்றச்சாட்டின் பேரில் 2011இல் பறிக்கப்பட்டது தனிக்கதை.

ஒரே கணினியைக் கொடுத்துவிட்டால் சமநீதி வந்துவிடும் என்ற நம்பிக்கையை 2017 டிசம்பர் கலைத்தது. கூகுளின் டீப்மைண்ட் குழு, தன் ஆல்ஃபாஸீரோ 100 ஆட்டங்களில் ஸ்டாக்ஃபிஷ்ஷை 28 முறை வென்று, 72 டிரா செய்து, ஒன்றில்கூடத் தோற்கவில்லை என்று அறிவித்தது. உலகம் வியந்தது, ஸ்டாக்ஃபிஷ் அணியினர் நிபந்தனைகளைப் படித்தார்கள். நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று நிலையாக வைத்ததால், சிக்கலான இடத்தில் கூடுதல் நேரம் செலவிடும் அதன் திறமை வீணாயிற்று. 64 இழைகளில் ஓடிய நிரலுக்கு, ஆராய்ந்த நிலைகளைக் குறித்துவைக்க ஒரு கிகாபைட் நினைவகம் மட்டுமே தரப்பட்டது. தொடக்க நூலும் இல்லை. பந்தயக் குதிரையைக் குட்டையான கயிற்றில் கட்டிவிட்டு ஓடச் சொன்னதுபோல் இருந்தது. குறை நியாயமானதே என்பதற்குச் சான்றாக, 2018இல் வெளியான முழு ஆய்வுரையில் நிபந்தனைகள் மாறின: 3 மணி நேரம், நகர்வுக்கு 15 வினாடி கூடுதல், 32 கிகாபைட் நினைவகம். 1000 ஆட்டங்களில் ஆல்ஃபாஸீரோ 155 வென்று 6 தோற்றது. வென்றவர் மாறவில்லை; ஆனால் இந்த வெற்றியைத்தான் நாம் நம்புகிறோம்.

அப்போதும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ஒன்று நியூரல் வலைகளுக்கான தனிச் சில்லுகளில் ஓடுவது. மற்றது சாதாரண பிராசஸர்களில் ஓடுவது. இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது? விலையிலா, மின்செலவிலா? ஆல்ஃபாஸீரோவின் வழியைப் பின்பற்றித் தன்னார்வலர்கள் உருவாக்கிய லீலா, 2019இல் டி.சி.இ.சி. என்னும் இணையத் தொடரின் 15ஆம் பருவ இறுதியில் ஸ்டாக்ஃபிஷ்ஷை 53.5–46.5 என வென்றபோதும் இதே கேள்விதான் எழுந்தது.

அத்தொடர் தொடக்க நகர்வுகளைக் கையாளும் விதம் நமக்குப் பிடித்தமானது. இன்றைய நிரல்களைத் தம் போக்கில் ஆடவிட்டால் டிராக்களே குவியும். ஆகவே ஒரு பக்கம் வேண்டுமென்றே தாழ்ந்திருக்கும் தொடக்கங்களை அமைப்பாளர்கள் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவைக்கிறார்கள். அநீதி இருவருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படுகிறது.

காய் நகர்த்த அங்கே மனிதர் எவரும் இல்லை. ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் கணினியே ஆட்டத்தை டிரா என்று முடித்துவிடும். ஜானிக்கு அங்கே அரைப்புள்ளி கிடைத்திருக்கும்.