நிமிடத்துக்கு 10,000 சுற்று: ராப்டர் ஹார்ட் டிஸ்கின் கதை

கீழ்வேளூரில் இருந்துகொண்டு புதுசாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் சேர்க்க நினைப்பவருக்கு கிராபிக்ஸ் கார்டிலேயே பாதிப் பணம் போய்விடும். மிச்சத்தை எங்கே பிடிக்கலாம் என்று சென்னை ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தால், யாரோ கழற்றிப் போட்ட பழைய ராப்டர் டிஸ்க் கிடைக்கலாம். ஒரு காலத்தில் இதுதான் ராஜா. அதில் பொய்யே இல்லை. ஆனால் எந்தக் காலத்தில்?

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. வேண்டிய தகவல் தலைக்கு அடியில் வந்து சேரும்வரை காத்திருந்தே ஆகவேண்டும். 7,200 சுற்று டிஸ்கில் ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட், சராசரியாக அதில் பாதி வெறும் காத்திருப்பு. 10,000 சுற்றில் அது 3 ஆகக் குறையும். கேட்க அற்பமாக இருக்கும்... ஆனால் ஒரு கேம் லோட் ஆகும்போது இந்தக் காத்திருப்பு ஆயிரக்கணக்கான முறை வரும்.

1956இல் வந்த ஐபிஎம் ராமாக்கின் தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறைதான் சுற்றின. 10,000ஐத் தொட 40 வருடம் ஆயிற்று: 1996இல் சீகேட்டின் 'சீட்டா'. 2000இல் அதே சீட்டா 15,000க்குப் போனது. ஆனால் இவை ஸ்கஸி இணைப்பு கொண்ட சர்வர் டிஸ்குகள். வீட்டுக் கம்ப்யூட்டரில் தனிக் கார்டு போடாமல் ஓடாது. 2003இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் செய்தது சின்ன வேலைதான். அதே 10,000 சுற்றைச் சாதாரண சாட்டா இணைப்பில் கொடுத்தது. வெறும் 36 ஜிபி. இன்றைய மதர்போர்டில் பழைய ராப்டரைச் செருக முடிவதும், பழைய சீட்டாவைச் செருக முடியாததும் இந்த ஒரு முடிவால்தான்.

2006இல் மூடியில் உள்ளே தெரியும் ஜன்னல் வைத்த ராப்டர் எக்ஸ் வந்தது. உள்ளே தலை நகர்வதை வேடிக்கை பார்க்கலாம்! இரண்டு ராப்டரை ரெய்டு-0 போட்டு இணைப்பதும் அப்போது பெருமை. ஒன்று செத்தால் இரண்டிலும் உள்ளது போச்சு என்பதை மட்டும் பலர் சொல்வதில்லை.

2008இல் 300 ஜிபி வெலாசிராப்டர் 300 டாலருக்கு வந்தது. அதே வருடம் இன்டெல்லின் 80 ஜிபி எஸ்எஸ்டி 595 டாலர். ஜிபிக்கு ஒரு டாலர் எங்கே, ஏழரை டாலர் எங்கே! சுற்றவே சுற்றாத எஸ்எஸ்டியில் காத்திருப்பு 0.1 மில்லிசெகண்ட் அளவுதான். வேகத்தில் ராப்டர் அன்றைக்கே தோற்றுவிட்டது, விலைதான் சில வருடம் காப்பாற்றியது.

நடுவில் ஒரு வெள்ளம். 2011 அக்டோபரில் தாய்லாந்தின் சாவ் பிரயா ஆறு பெருகி வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா-இன் தொழிற்சாலைக்குள் புகுந்தது. அதுவும் காவிரிப் படுகை மாதிரி நெல் விளையும் பூமிதான். உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது. பழைய டிஸ்கைத் தூக்கிப் போடாமல் புது மெஷினில் மாட்டுவது அப்போது உண்மையிலேயே லாபக் கணக்கு. 2012இல் ஒரு டிபி வெலாசிராப்டர் வந்தது; அதற்கு மேல் பெரிதாக ஒன்று வரவே இல்லை.

இனி காமர்ஸ் கணக்கு. இந்திய வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 60 சதவீதம் என்றிருந்தது, 2017-18 முதல் 40 ஆனது. 60 சதவீதத்தில் 100 ரூபாய்ச் சாமான் ஐந்து வருடத்தில் ஒரு ரூபாய். ஏட்டில் அந்த ராப்டருக்கு மதிப்பே கிடையாது. டிஸ்க் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

விண்டோஸை அதில் போடுவது வீண். 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்டு போன்ற கேம்கள் எஸ்எஸ்டி கட்டாயம் என்றே கேட்டன. சின்ன எஸ்எஸ்டி ஒன்றே அதைவிடப் பல மடங்கு வேகம், சத்தமும் சூடும் கிடையாது. ஆனால் ராப்டர் பிறந்த காலத்துக் கேம்களுக்கு, கவுன்டர் ஸ்ட்ரைக், ஹாஃப் லைஃப் 2 வகையறாவுக்கு, இரண்டாவது டிஸ்காக அது இன்றும் தாராளம். வாங்குமுன் கடையிலேயே ஸ்மார்ட் ரிப்போர்ட்டைத் திறந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, மாற்றப்பட்ட செக்டர்கள் எத்தனை என்று பாருங்கள். செக்டர் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாவிட்டால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். நன்றாக இருந்தாலும், அக்கா கல்யாண போட்டோவையும் பிராஜெக்ட் ஃபைலையும் அதில் மட்டும் வைக்காதீர்கள். கேம் போனால் மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.