ஓர் எழுத்தில் ஒரு பின்னம்

சிரம்பான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றில் தமிழ்ப் பள்ளிக்குத் தனியிடம் உண்டு. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. நெகிரி செம்பிலானும் அம்மாநிலங்களுள் ஒன்றாகும். அங்கே இன்றும் தமிழாசிரியர்கள் தமிழிலேயே கணக்கு கற்பிக்கின்றனர். வினாத்தாளைக் கணினியில் அமைக்கின்றனர்.

அவ்வாறு அமைக்கும்போது தொல்லை தருவது பின்னமே. மேலே ஓர் எண், நடுவே ஒரு கோடு, கீழே ஓர் எண் என அது ஈரடுக்காக நிற்பது. ஒரே வரியில் ஓடும் எழுத்துக்கிடையே அதனைப் பொருத்துவது அச்சுக் கோப்போர்க்குக் கடினமான பணியாய் இருந்தது. தம் நூலின் அச்சுப் படி 1977இல் அழகின்றி வந்தமை கண்டு, அமெரிக்க அறிஞர் டொனால்டு குனுத் ‘டெக்’ என்னும் கணித அச்சு மென்பொருளையே படைத்தார். இன்றைய ‘வேர்டு’ மென்பொருளில் சமன்பாட்டுப் பெட்டியைத் திறந்து 1/16 எனத் தட்டி இடைவெளி விட்டால், பின்னம் தானே அடுக்காகிவிடும்.

நம் முன்னோர் எழுதிய பின்னத்திற்கோ இந்த அடுக்கே தேவைப்படவில்லை. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி இருந்தது. ஓலையில் எழுத்தோடு எழுத்தாக அது ஒரே வரியில் அமைந்தது. முந்திரிக்கும் கீழே செல்ல வேண்டின், ‘கீழ்’ என்னும் குறியை முன்னே இட்டனர். அது மதிப்பை 320ஆல் வகுக்கும். எனவே கீழ் முந்திரி என்பது 1/102,400. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசன் கல்வெட்டுகளில் நில அளவுகள் இம்முறையால் குறிக்கப்பட்டுள்ளன.

மலாயாவின் பழைய நிறுத்தலளவையும் இதனோடு இயைவது வியப்பாகும். 16 தாஹில் கொண்டது 1 கட்டி. ஆகவே 1 தாஹில் மாகாணிக் கட்டி. 2 தாஹில் அரைக்கால். 3 தாஹில் மும்மாகாணி. 12 தாஹில் முக்கால். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் இவ்வளவைக்குப் பதிலாகக் கிலோகிராம் படிப்படியாக வந்தது.

இம்முறைக்குக் குறையும் உண்டு. ஏழில் ஒன்றை எழுத இதில் தனிக்குறி இல்லை. ஈரடுக்குப் பின்னமோ எவ்வெண்ணையும் ஏற்கும். பள்ளி நூல்கள் அதனைக் கைக்கொண்டதற்கு இது தக்க காரணமே. ஆயினும் ஒன்றை ஏற்பதற்காக மற்றொன்றை மறக்க வேண்டியதில்லை. குறிகள் வழக்கிழந்த பின்னும் காலும் அரையும் முக்காலும் நம் நாவில் வாழ்கின்றன.

கணினியில் நடந்ததோ விந்தை. எளிதில் ஒரே வரியில் அமையும் இக்குறிகளே பிந்தி வந்தன. ௰, ௱, ௲ ஆகியவை யுனிகோடு எழுத்துத் தரத்தில் முன்னரே இடம்பெற்றன. தமிழ்ச் சுழியம் 2005இல் சேர்ந்தது. பின்னக் குறிகளுக்கு 2019 மார்ச்சில் வெளிவந்த 12ஆம் பதிப்பில்தான் இடம் கிடைத்தது. அன்று ‘தமிழ்த் துணைத் தொகுதி’யாகச் சேர்ந்த 51 குறிகளுள் பின்னத்திற்குரியவை 21, ‘கீழ்’ குறியும் அவற்றுள் ஒன்று. ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட்’ போன்ற எழுத்துரு கணினியில் இல்லையெனில் அவை வெற்றுக் கட்டங்களாகவே தோன்றும்.

இதனால் வரும் பயன் யாது? பழைய கணக்கோலையும் நிலச் சாசனமும் கணினியில் ஏறும்போது, குறியைக் குறியாகவே பெயர்த்தெழுதலாம். பின்னர்த் தேடியும் எடுக்கலாம். ஆனால் படிக்கத் தெரிந்தவர் வேண்டுமே! ஆசிரியப் பெருமக்கள் பின்னப் பாடத்தின் முடிவில் ஒரு நாழிகையேனும் இக்குறிகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார்களாக. இடம் கிடைத்துவிட்டது, இனி அதில் குடியேற்றுவது நம் கடமை.