பூட்டப்படாத வீடும் தாம்பாளத்துப் பரிசும்

அமானிதம் பேணுதல் என்றால் என்ன என்று கேட்டால், மக்தபில் ஓதும் எட்டு வயதுப் பிள்ளையும் தடையின்றி விடை சொல்லும். ஒப்படைக்கப்பட்ட பொருளை உரியவரிடம் சேர்ப்பது என்று கூறும். அதே பிள்ளை கடைக்குச் சென்று திரும்பும்போது மீதிச் சில்லறையை என்ன செய்கிறது? தேர்வு அறையில் அடுத்தவர் தாளை நோக்குகிறதா? தோழன் நம்பிச் சொன்ன இரகசியத்தைக் கைபேசிக் குழுவில் பரப்புகிறதா? இவற்றில்தான் உண்மையான விடை இருக்கிறது. சொல்லை மனனம் செய்விப்பது எளிது. அதைக் குணமாக ஆக்குவதே கடினம். அதற்கு வழிகாட்டும் ஒரு நிகழ்வு, நம் புதுச்சேரிக்குத் தெற்கே, இதே கிழக்குக் கடற்கரையில் உள்ள இராமேஸ்வரத்தில் நடந்தது.

1947இல் ஒரு மாலைப் பொழுது

அது 1947ஆம் ஆண்டு. நம் ஊர் இன்னும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் இராமேஸ்வரத்திலோ பஞ்சாயத்துத் தேர்தல் நடைபெற்றது. படகு உரிமையாளரும் பள்ளிவாசல் இமாமுமாகிய ஜைனுலாப்தீன் அவர்கள் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அன்றே பஞ்சாயத்துத் தலைவராகவும் ஆனார்கள். சமயமோ செல்வமோ பார்த்து மக்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நல்ல மனிதர் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள் என்று அவருடைய இளைய மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்த மகன்தான் 1931 அக்டோபர் 15இல் பிறந்து, பின்னர் இந்தியாவின் குடியரசுத் தலைவரான டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

பள்ளி மாணவரான கலாம், மண்ணெண்ணெய் விளக்கொளியில் வாய்விட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தார். வீட்டைப் பூட்டி வைக்கும் வழக்கம் அக்காலத்தில் அங்கு இல்லை. ஒருவர் உள்ளே வந்து, தந்தை எங்கே என்று வினவினார். தொழுகைக்குச் சென்றிருப்பதாக மகன் சொன்னார். அவருக்காக ஒரு பொருள் கொண்டுவந்திருப்பதாகவும், வைத்துவிட்டுப் போகலாமா என்றும் வந்தவர் கேட்டார். கலாம் தம் தாயாரை அழைத்து அனுமதி கேட்டார். அவரும் தொழுகையில் இருந்ததால் மறுமொழி வரவில்லை. கட்டிலின் மீது வைத்துவிட்டுச் செல்லுமாறு கூறிவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தார்.

வீடு திரும்பிய தந்தை தாம்பாளத்தைத் திறந்து பார்த்தார். விலை உயர்ந்த வேட்டி, அங்கவஸ்திரம், பழங்கள், இனிப்புகள் ஆகியவற்றுடன் கொடுத்தவரின் குறிப்புச் சீட்டும் இருந்தது. தந்தை அவ்வளவு சினந்து கலாம் அதுவரை கண்டதில்லை. அவரிடம் முதன்முதலாக அடி வாங்கியதும் அன்றுதான். மகன் அழுதபோது தாயார் அவரை அணைத்துக்கொண்டார்கள். தம் அனுமதியின்றி எந்தப் பரிசையும் வாங்கக் கூடாது என்று தந்தை அறிவுறுத்தினார்கள். ஒருவருக்குப் பொறுப்பு அளிக்கப்பட்டு அதற்குரிய வாழ்வாதாரமும் அளிக்கப்பட்டபின், அதற்கு மேல் அவர் எடுப்பது முறையற்றது என்னும் கருத்துடைய நபிமொழியை எடுத்துரைத்தார்கள். நோக்கத்தோடு வரும் பரிசு, தொட்டவரைத் தீண்டும் பாம்பைப் போன்றது என்றும் விளக்கினார்கள்.

சினத்தின் காரணம்

வந்தவை பழமும் இனிப்பும் துணியுமே. நம் நாட்டில் மரியாதையின் அடையாளமாக எங்கும் கொடுக்கப்படும் பொருள்கள். இதற்கா இவ்வளவு சினம் என்று தோன்றலாம். கையூட்டு தன் சொந்தப் பெயரோடு எந்த வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. மரியாதை, அன்பளிப்பு, பெருநாள் வாழ்த்து என்னும் பெயர்களோடுதான் வருகிறது. ஜைனுலாப்தீன் அவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

இந்த அறிவு அவருக்கு ஸுன்னாவிலிருந்து கிடைத்தது. ஸகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்களால் அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துக் காட்டினார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி அதைக் கண்டித்தார்கள். அவர் தம் தாய் தந்தையின் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்நிகழ்வை அந்தத் தாம்பாளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜைனுலாப்தீன் அவர்கள் தலைவராகாமல் இருந்திருந்தால் அது அவ்வீட்டுக்கு வந்திருக்குமா?

இங்கு பெற்றோர் கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. கலாம் தீய எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. தாயிடம் அனுமதி கேட்கவும் முயன்றார். ஆயினும் தவறு நேர்ந்தது. நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது. எது அமானிதத்துக்கு ஊறு விளைவிக்கும் என்னும் விளக்கமும் பிள்ளைக்கு வேண்டும். அவர் பல மேடைகளில் மாணவர்களுக்கு இதை எடுத்துச் சொன்னபோது, பெற்ற அடியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பெற்ற விளக்கத்தையே பாடமாகச் சொன்னார்.

ஆகவே அடிப்பதை இதிலிருந்து முன்மாதிரியாகக் கொள்ளலாகாது. சிறுவராகச் சேர்ந்து பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட ‘சீ’ என்று சொன்னதில்லை. அவ்வாறு வளர்ந்த அனஸ் (ரலி) ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பப்பட்டுத் தாமதமாக வீடு திரும்பினார்கள். தாயார் காரணம் கேட்டபோது, அது நபியவர்களின் இரகசியம் என்றார்கள். தாயார் துருவிக் கேட்கவில்லை. அந்த இரகசியத்தை எவரிடமும் சொல்லாதே என்று மகனை உறுதிப்படுத்தினார்கள். பிள்ளையின் நம்பகத்தன்மையை வளர்ப்பதில் தாயின் பங்கு எத்தகையது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

விதை முளைத்த விதம்

கலாமுக்கு நம்பிக்கையும் பொறுப்பும் சிறு வயதிலேயே கொடுக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேஸ்வரம் நிலையத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் இரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்க, முகவரான உறவினர் சம்சுதீன் சிறுவரான கலாமைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டார். அவருடைய முதல் ஊதியம் அது. பின்னர் சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் போதாதபோது, சகோதரி ஸொஹ்ரா தம் தங்க நகைகளை அடகு வைத்து உதவினார். தம் சொந்த உழைப்பால் அவற்றை மீட்பேன் என்று தம்பி உறுதி பூண்டார்.

2002 முதல் 2007 வரை அவர் குடியரசுத் தலைவராக இருந்தார். 2006 மே மாதத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட உறவினர்கள் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வந்து தங்கினார்கள். அவர்களுக்கு அரசு வாகனம் பயன்படுத்தப்படவில்லை. அருந்திய தேநீர் உட்பட எல்லாச் செலவுக்கும் கணக்கெழுதி, ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாயைக் கலாம் தம் பணத்திலிருந்து செலுத்தினார். அவருடைய செயலாளராக இருந்த பி.எம். நாயர் தமது நூலில் இதைப் பதிவு செய்துள்ளார். இராமேஸ்வரத்துத் தாம்பாளத்துக்கும் டெல்லியில் எழுதப்பட்ட தேநீர்க் கணக்குக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். பாடம் ஒன்றே.

நம் வீடுகளில்

பெற்றோர்களே, நம் பிள்ளைகளிடம் சிறு பொறுப்புகளை ஒப்படைப்போம். கடைக்கு அனுப்பினால் கணக்குக் கேட்போம். சந்தேகத்தோடு அல்ல, பழக்கத்துக்காக. பள்ளிவாசல் நிதியோ சங்கப் பணமோ நம் கையில் இருக்குமானால், அதை நம் பணத்தோடு கலக்காமல் தனியே வைப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அலுவலகத்தில் பொறுப்பு வகிப்பவர்கள், வாசலில் வரும் பரிசை ஏன் திருப்பி அனுப்புகிறோம் என்பதைப் பிள்ளையை அருகில் அமர்த்தி விளக்கட்டும். கடன்காரர் அழைக்கும்போது ‘அத்தா வீட்டில் இல்லை என்று சொல்’ எனப் பிள்ளையை ஏவுகின்ற வீட்டில், மதரஸா கற்பிக்கும் பாடம் வேரூன்றாது.

ஹிஜ்ரத்தின்போது, தம்மைக் கொல்லத் துணிந்த மக்காவாசிகளின் பொருள்களையும் உரியவர்களிடம் சேர்க்க நபி (ஸல்) அவர்கள் விட்டுச் சென்றது, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞரான அலீ (ரலி) அவர்களைத்தான். ஊரார் நம்பிப் பொருளை ஒப்படைக்கத்தக்க இளைஞர்கள் நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் உருவாக வேண்டும். அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் அமானிதம் பேணுவோராக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.