தொலி ஏகாதசி

தெலுங்குப் பஞ்சாங்கத்தில் ஆஷாட மாதத்து வளர்பிறைப் பதினோராம் நாள் தொலி ஏகாதசி. 'ஏகாதச' என்பது வடமொழியில் பதினொன்று; அதன் வழி வந்த 'ஏகாதசி' பதினோராம் திதி. 'தொலி' தெலுங்குச் சொல். 'முதல்', 'முந்தைய' என்று பொருள். தமிழின் 'தொல்', 'தொல்லை' (பழமை) ஆகியவற்றோடு ஒரே வேர் கொண்டது. பழமையைக் குறித்த வேர், தெலுங்கில் வரிசையின் முதலாவதையும் குறிக்கலாயிற்று. முதல் சூல் 'தொலிசூலு'; தமிழில் அதுவே தலைச்சூல். பருவத்தின் முதல் மழைக்கு 'தொலகரி' என்று பெயர்.

உகாதியில் பிறக்கும் ஆண்டுக்கு இது நான்காம் மாதம். ஆகவே ஆண்டின் முதல் ஏகாதசி இது அன்று. திருமால் பாற்கடலில் துயில் கொள்வதாகக் கருதப்படும் நான்கு மாத விரதமாகிய சாதுர்மாஸ்யம் இந்நாளில் தொடங்குவதால் 'முதல்' என்பர். வடமொழிப் பெயரான சயன ஏகாதசி அத்துயிலையே சுட்டுகிறது. துயில் கலைவது கார்த்திகை வளர்பிறை ஏகாதசியில்.

அன்று உண்ணாமலிருந்து மறுநாள் துவாதசியில் பாரணை செய்வது முறை. ஆனால் தெலுங்கு வீடுகளில் இந்நாளின் அடையாளம் உண்ணும் பண்டமே: பேலால பிண்டி. சோளத்தை வெறும் சட்டியில் பொரித்து, பொரியை வெல்லத்தோடு இடித்த மாவு அது. 'பேலாலு' என்றால் பொரி, 'பிண்டி' மாவு. மராட்டியத்தில் பண்டரிபுர யாத்திரை நிறைவதும் இதே ஏகாதசியில்தான்.