டேவிட் கோட்டையும் பெரியநாயகியும்

நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் 'புனித டேவிட் கோட்டை' என்ற பெயரை மனப்பாடம் செய்தவர்கள். 1690, கடலூர், ஆங்கிலேயர் - விடைத்தாளுக்கு வேண்டியது இவ்வளவுதான். அந்த டேவிட் யார், அவருக்கும் தேவனாம்பட்டினத்து மணலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஒரு பெயர் முந்நூறு வருஷங்களுக்கு மேலாக ஓர் இடத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஊர்க்காரன் வாயில் அது ஒரு வேண்டுதலாகவோ, குறைந்தபட்சம் ஒரு வசவாகவோகூட வந்ததில்லை. அதே பழைய தென்னார்க்காட்டின் உட்பகுதியில், விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், கோணான்குப்பத்தில், இத்தாலியப் பாதிரி ஒருவர் வைத்துவிட்டுப் போன மாதா ஜனவரி தோறும் தேரேறி வருகிறாள். இரண்டும் வெளியிலிருந்து வந்தவைதான். ஒன்று பட்டுப்போனதும் மற்றது வேர்விட்டதும் ஏன் என்பதே என் கேள்வி.

முதலில் டேவிட்டின் பரிவாரத்தைப் பார்த்துவிடலாம். பிரிட்டிஷ், ஐரிஷ் மக்களிடையே நாலு தேசங்கள், நாலு பாதுகாவலர்கள். மார்ச் 1 வேல்ஸின் டேவிட்டுக்கு. மார்ச் 17 அயர்லாந்தின் பாட்ரிக்குக்கு. ஏப்ரல் 23 இங்கிலாந்தின் ஜார்ஜுக்கு. நவம்பர் 30 ஸ்காட்லாந்தின் அந்திரேயாவுக்கு. டேவிட் நாளில் வேல்ஸ்காரர்கள் வெங்காயத் தாளின் ஜாதியைச் சேர்ந்த லீக்ஸைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். வேல்ஸ் படைப்பிரிவுகளில் புதிதாகச் சேர்ந்தவன் அதைப் பச்சையாகக் கடித்துத் தின்ன வேண்டும் என்பது வழக்கம். பாட்ரிக் நாளில் மூவிலைத் தழை. ஜார்ஜ் நாளில் சிவப்பு ரோஜா. திதி, அடையாளம், விருந்து - எந்த ஊர்த் திருவிழாவுக்கும் உள்ள அங்கங்கள்தான்.

ஆனால் இந்த நால்வரில் மூவர் அந்தந்த மண்ணைச் சேர்ந்தவர்களே அல்ல. ஜார்ஜ் ஆசியா மைனர், பாலஸ்தீனப் பகுதிகளோடு சம்பந்தப்பட்டவர். இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை. அந்திரேயா கலிலேயாவின் மீனவர். பாட்ரிக் பிரிட்டனில் பிறந்து, பதினாறு வயதில் கொள்ளைக்காரர்களிடம் அகப்பட்டு, அயர்லாந்தில் அடிமையாக மந்தை மேய்த்தவர். தன்னை அடிமையாக வைத்திருந்த தேசத்துக்கே பின்னால் குருவாகத் திரும்பியவர். சொந்த மண்ணில் பிறந்து அந்த மண்ணுக்கே பாதுகாவலரானவர் ஆறாம் நூற்றாண்டின் டேவிட் ஒருவர்தான். வேடிக்கை என்னவென்றால் பிரிட்டிஷ் கொடியில் அவருக்கு மட்டும் இடமில்லை. 1606இல் ஜார்ஜின் சிலுவையும் அந்திரேயாவின் சிலுவையும் சேர்ந்தன. 1801இல் பாட்ரிக்கின் பெயரில் ஒரு சிலுவை சேர்ந்தது. வேல்ஸ் அதற்கெல்லாம் முன்பே, 1536இன் சட்டத்தால், இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. விழுங்கப்பட்டவனுக்குக் கொடியில் தனிக்கோடு கிடையாது.

கொடியில் இடம் கிடைக்காதவர் வங்கக் கடலோரத்தில் ஒரு கோட்டையானார். 1690இல் கும்பினியின் சென்னைக் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். பிறந்தது அமெரிக்காவின் பாஸ்டனில், பூர்வீகம் வேல்ஸ். செஞ்சியிலிருந்த மராட்டிய அரசிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி, அதற்கு வேல்ஸின் பாதுகாவலர் பெயரைச் சூட்டினார். யேலின் தகப்பனார் பெயரும் டேவிட். சிறுவயதிலேயே 1688இல் சென்னையில் செத்துப்போன அவருடைய மகன் பெயரும் டேவிட். அந்தக் குழந்தையின் கல்லறை சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கட்டப்பட்டது. இரண்டு வருஷங்கள் கழித்துக் கோட்டைக்குப் பெயர் வைத்தபோது அவர் மனதில் எந்த டேவிட் இருந்தார் என்று தீர்மானிப்பது சரித்திரக்காரனின் வேலையல்ல. அப்படியே துக்கம் இருந்திருந்தாலும், அந்தப் பெயரில் ஊருக்குப் பங்கு இல்லை.

பெயர் எப்படி மண்ணில் இறங்கியது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கோட்டையோடு சேர்ந்த நிலத்தின் எல்லையைக் குறிக்க, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை உள்ளதெல்லாம் கும்பினிக்கு என்று ஏற்பாடு. குண்டு எட்டிய கிராமங்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயரிலும் கடலூரின் குண்டுச் சாலையிலும் அந்த நாளின் ஓசை இன்னும் இருக்கிறது. கவனியுங்கள்: ஜனங்கள் தங்கள் நாக்கில் ஏற்றுக்கொண்டது புனிதரை அல்ல, குண்டை. நேரில் அனுபவித்ததற்குத் தமிழில் பெயர் வைத்துக்கொண்டார்கள். அனுபவிக்காததை ஏட்டிலேயே விட்டுவிட்டார்கள்.

இதற்கு மதரீதியான காரணமும் உண்டு. சீர்திருத்தத்துக்கு முந்திய இங்கிலாந்தில் ஜார்ஜ் நாள் பெரும் திருநாள். 1415இல் அதை நாட்டின் தலையாய பண்டிகைகளில் ஒன்றாகவே உயர்த்தினார்கள். பிறகு புராட்டஸ்டண்ட் சபை வந்தது. புனிதர்களை நோக்கி வேண்டுவது வீண் கற்பனை என்று இங்கிலாந்துச் சபையின் முப்பத்தொன்பது விதிகளில் இருபத்திரண்டாவது கண்டித்தது. பெயர் மிஞ்சியது, பிரார்த்தனை போயிற்று. கப்பலேறி நம்மிடம் வந்தது இந்தப் பிரார்த்தனை இழந்த பெயர்தான். சென்னையில் ஜார்ஜ், கடலூரில் டேவிட்: இருவரும் கோட்டைச் சுவரில் கட்டிய கொடிகள். மெழுகுவர்த்தி ஏற்றவோ, தொட்டில் கட்டவோ, மொட்டை போட்டுக்கொள்ளவோ அவர்களிடம் இடமில்லை. கும்பினியோ 1813வரை தன் எல்லைக்குள் மிஷனரிகளை வரவிடத் தயங்கிய வியாபார ஸ்தாபனம். அதன் புனிதர்களுக்கு அர்ச்சகரும் இல்லை, அடியாரும் இல்லை.

டேவிட் கோட்டை விருத்தாசலத்தைத் தொட்டது ஒருமுறை, அதுவும் துப்பாக்கியோடு. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபிறகு 1752வரை ஆங்கிலேயரின் சோழமண்டலத் தலைமை இடம் இந்தக் கோட்டைதான். 1751இல் இங்கிருந்து புறப்பட்ட படை பழமலைநாதர் கோயிலைப் பிடித்து அதில் காவல் வைத்தது. கோயில் மதில்கள் அவர்களுக்குக் கோட்டை மதில்கள்தாம். துணைப்படையோடு விருத்தாசலம் வந்துவிட்டுத் திரும்பிய பிகட்டும் கிளைவும் வழியில் பாளையக்காரரின் ஆட்களிடம் மாட்டி, சிப்பாய்களைப் பறிகொடுத்து, குதிரை வேகத்தில் தப்பிப் போனார்கள். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தான். பிறகு கை மாறி மாறி ஆங்கிலேயரிடமே திரும்பியது, பழைய முக்கியத்துவம் திரும்பவில்லை. கெடிலக் கரையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தெய்வம் என்று இருந்திருந்தால் இடிந்த இடத்தில் ஒரு கல்லையாவது நட்டுப் பொட்டு வைத்திருப்பார்கள் நம்மவர்கள்.

மற்ற இருவரையும் விட்டுவிடக் கூடாது. எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் 1821இல் கட்டி முடித்த அந்திரேயா ஆலயம், இளகிய மண்ணில் சுமார் 150 உறைகிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் நிற்கிறது. வட்டக் கோபுரத்தின் திட்டம் ஐரோப்பாவினுடையது. அதைத் தாங்கும் தந்திரம் நம் ஆற்றங்கரைக் கிணறு தோண்டியினுடையது. பாட்ரிக் சிப்பாயோடு வந்தார். கும்பினியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படை கடைசியில் 1881இல் ராயல் டப்ளின் ப்யூசிலியர்ஸின் முதல் பட்டாளமாயிற்று. தங்கள் நாட்டை ஆள்பவனுக்காக அடுத்தவன் நாட்டைப் பிடித்துக் கொடுத்த ஐரிஷ்காரனின் சங்கடம் தனிக்கட்டுரைக்கு உரியது. 1900இல்தான், தென்னாப்பிரிக்கப் போரில் அவர்கள் செத்ததை மெச்சி, பாட்ரிக் நாளில் மூவிலைத் தழையை அணியலாம் என்று விக்டோரியா உத்தரவிட்டார். பாட்ரிக் விழாவின் ஆரவாரமும் அயர்லாந்தில் வளர்ந்ததல்ல. 1737இல் பாஸ்டனில், 1762இல் நியூயார்க்கில், ஊரை விட்டுப் போனவர்களிடையே வளர்ந்தது. டப்ளினில் அரசாங்க அணிவகுப்பு வந்தது 1931இல். மலேயாவுக்குப் போன தமிழன் பத்துமலையில் தைப்பூசத்தைப் பெருக்கியதும் இதே காரியம்தான். ஊரில் இருப்பவனைவிட ஊரை விட்டவனுக்குத்தான் ஊர்த்தெய்வம் அதிகம் தேவைப்படுகிறது.

ஆக, அந்நியம் என்பதாலேயே ஒரு புனிதர் ஒட்டாமல் போவதில்லை. அதே ஜார்ஜ் கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்களிடம் கீவர்கீஸ் சகதா. ஆங்கிலேயன் வருவதற்கு முன்பே அங்கே குடியிருந்தவர். புதுப்பள்ளியில் அவருக்குக் கோழி நேர்ச்சை உண்டு. எடத்துவா திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் போகிறார்கள். சென்னையில் அவர் பெயரில் தலைமைச் செயலகம் இருக்க, நம் தென்கோடிக்காரன் மலை தாண்டிப் போய் அவரிடம் முறையிடுகிறான். ஸ்பெயினின் பாதுகாவலர் சந்தியாகுவும் அப்படியே. அங்கே குதிரையேறி முஸ்லிம்களை வெட்டியவர் என்று புகழ் பெற்றவர். ராமேஸ்வரம் அருகே தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் ஆனபிறகு இந்துவும் முஸ்லிமும் அவர் திருவிழாவுக்கு வருகிறார்கள். குதிரைவீரனை நமக்குத் தெரியும். ஊர் எல்லையில் அய்யனார் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார்.

இனி கோணான்குப்பம். வீரமாமுனிவர் (1680-1747) அங்கே வைத்த மாதா தமிழ்ப்பெண் கோலத்தில் குழந்தையை ஏந்தி நிற்கிறாள். பெயர் பெரியநாயகி, அதாவது விருத்தாசலம் அம்மனின் பெயர். பிள்ளையில்லாத முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயருக்கு அவள் பிள்ளை கொடுத்தாள், அவர் கோயில் எழுப்ப உதவினார் என்பது ஊர்க்கதை. யேல் தன் ஊர்ப் பெயரை நம் மண் மேல் வைத்தார். வீரமாமுனிவர் நம் ஊர்ப் பெயரைத் தன் தெய்வத்தின் மேல் வைத்தார். வித்தியாசம் இதுதான், இவ்வளவுதான்.

இதை மதமாற்றத்துக்கான சாதுரியம் என்று நண்பர்கள் சொல்லலாம். சாதுரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாதுரியம் செய்தவர் செத்து இருநூற்றெழுபது வருஷங்களுக்கு மேலாகிறது. வேண்டுதல் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, பெயர் மாற்றும் சாதுரியம் பாதிரியிடம் தொடங்கவுமில்லை. ஊரின் தமிழ்ப் பெயர் திருமுதுகுன்றம். அதைச் சமஸ்கிருதத்தில் விருத்தாசலம் ஆக்கினார்கள். 'முது' என்பதில் உள்ள ஆதிமை 'விருத்த' என்பதில் கிழமாகிவிட்டது. பெரியநாயகி விருத்தாம்பிகை ஆனாள். குரு நமசிவாயர் பசியோடு இந்த ஊருக்கு வந்து அம்மனைக் கிழத்தியாக வைத்துப் பாட, கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும் என்று அவள் கேட்டதாகவும், இளையவளாகப் பாடிய பிறகே அன்னத்தோடு வந்ததாகவும் ஒரு கதை உண்டு. எனக்கு அது பக்திக் கதையாக மட்டும் படவில்லை. ஒரு மொழிபெயர்ப்பின் மேல் தெய்வமே கிளப்பிய ஆட்சேபணையாகப் படுகிறது. கோணான்குப்பத்தில் வந்து சேர்ந்ததோ 'விருத்தாம்பிகை' அல்ல, 'பெரியநாயகி'. அந்நியர் எடுத்துக்கொண்டது தமிழ்ப் பெயரை. இதில் நமக்கு யோசிக்க விஷயம் இருக்கிறது.

இந்த ஊர் செராமிக் ஊர். களிமண்ணைக் கரைத்துக் கூழாக்கிப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, அதன் சுவரோடு மண் கெட்டிப்படும். மீதிக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். ஒரே தொட்டிக் கூழில் பிள்ளையாரும் வரும், மாதாவும் வரும், மின்சாரப் பீங்கானும் வரும். அச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு நம் கலாசார விசாரணைகள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. நவீன கவிதை விஷயத்திலும் இதே வழக்குத்தான் ஓயாமல் நடக்கிறது. எந்த மண் ஊற்றப்பட்டது, அது சூளையில் நின்றதா வெடித்ததா என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. விருத்தாசலம் என்ற இயற்பெயரோடு திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் சிறுகதை என்ற அந்நிய அச்சை எடுத்தபோது, அதில் ஊற்றியது கந்தசாமிப் பிள்ளையை. அதனால்தான் அங்கே கடவுளே விருந்தாளியாக வந்து திண்டாடுகிறார்.

டேவிட் யாருடைய விருந்தாளியாகவும் வரவில்லை. வந்தது கிரயப் பத்திரத்தில்; எல்லை அளந்தது பீரங்கி. ஆனால் அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தன் தேசம் விழுங்கப்பட்டு, கொடியில் இடமின்றி, கடைசியில் அந்நியக் கடற்கரையில் ஒரு கிட்டங்கிக்குக் காவலாக வைக்கப்பட்ட எளிய துறவி அவர்.

மாசி மகத்தன்று சுற்றுப்பக்கத்துக் கோயில்களின் உற்சவமூர்த்திகள் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வருவது வழக்கம். 2018இல் மாசி மகம் மார்ச் 1இல் வந்தது. டேவிட்டின் நாள் அது. கோட்டை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அன்று அத்தனை தெய்வங்களும் கடலில் குளித்துவிட்டு ஊர் திரும்பின. இன்று வேறு ஒருவருக்கும் திருநாள் என்று அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.